வீடு யார் பேரில் இருக்கிறது, கையெழுத்து எங்கே இருக்கிறது? தொழில் கடனிலிருந்து சொந்தச் சொத்தைக் காப்பது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. மகளுக்கு ஐ.டி. வேலை. ஆவடியில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார். புதிதாக ஒரு சி.என்.சி. மெஷின் வாங்க அப்பா வங்கியில் கடன் கேட்கிறார். மேனேஜர் ஒரு கட்டு பேப்பரை நீட்டுகிறார். “எல்லாம் ஃபார்மாலிட்டிதாம்மா. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து.” அப்பாவுக்காகத்தானே என்று மகளும் படிக்காமலே போட்டுவிடுகிறார்.

இது ஓர் உதாரணக் காட்சிதான். ஆனால் அம்பத்தூர், பாடி, பட்டறைவாக்கம், திருமுல்லைவாயல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது. மூன்று வருடம் கழித்து பெரிய கம்பெனியின் ஆர்டர் நின்று, தவணையும் நின்றுபோனால், வங்கி தேடி வருவது பட்டறையை மட்டுமல்ல, ஆவடி ஃபிளாட்டையும்தான்.

அப்போதுதான் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். “வீட்டை அம்மா பேருக்கு எழுதிடுங்க.” “ஒரு டிரஸ்ட் போட்டுடுங்க சார், யாரும் தொட முடியாது.” இதில் எது உண்மை? எது ஆபத்து?

தொழில் வேறு, நான் வேறா?

முதலில், உங்கள் தொழில் சட்டத்தின் கண்ணில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்.

தனி உரிமையாளராக, அதாவது புரொப்ரைட்டராக நடத்தினால், தொழிலும் நீங்களும் ஒன்றுதான். பட்டறைக் கடன் உங்கள் கடன். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு ஜெயித்தால் உங்கள் வீடு, வங்கிக் கணக்கு, ஷேர் என எதையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். ஜி.எஸ்.டி. எண் வாங்கியிருப்பதாலோ, போர்டில் ‘எண்டர்பிரைசஸ்’ என்று எழுதியிருப்பதாலோ இது மாறாது.

சாதாரண பார்ட்னர்ஷிப் இன்னும் சிக்கல். பார்ட்னர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கும் உங்கள் சொந்தச் சொத்து பொறுப்பாகும்.

பிரைவேட் லிமிடெட், ஒரு நபர் கம்பெனி, எல்.எல்.பி. ஆகியவை வேறு ரகம். அவை சட்டப்படி தனி ‘நபர்’கள். கம்பெனி கடன்பட்டால் கம்பெனிதான் கட்ட வேண்டும். இந்தக் கொள்கையை உலகத்துக்கு உறுதிசெய்தது லண்டனில் தோல் பூட்ஸ் செய்து விற்ற ஆரன் சாலமன் என்பவரின் வழக்கு. தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். பிறகு அது நொடித்துப்போனது. ‘கம்பெனி என்றாலே இவர்தானே, இவரே கட்டட்டும்’ என்று வாதாடினார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்தியாவில் எல்.எல்.பி. 2008-ம் ஆண்டுச் சட்டத்தாலும், ஒரு நபர் கம்பெனி 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தாலும் வந்தன.

அப்படியென்றால் பட்டறையை பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் வீடு பத்திரமா? பாதி பத்திரம். மீதிப் பாதியை நம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த ஒரு கையெழுத்து

சின்ன கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது வங்கிகள் வழக்கமாகக் கேட்பது இயக்குநர்களின் பர்சனல் கேரண்டி. ‘கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்’ என்று நீங்கள் தனிப்பட்ட முறையில் கொடுக்கும் வாக்குறுதி அது. அதில் கையெழுத்துப் போட்ட நிமிடமே, அந்தக் கடனைப் பொறுத்தவரை கம்பெனி என்ற சுவரில் நீங்களே ஒரு கதவு வைத்துவிட்டீர்கள்.

பலர் நினைப்பது, ‘முதல்ல கடன் வாங்கினவர்கிட்ட கேட்பாங்க, அவர்கிட்ட இல்லைன்னாதான் நம்மகிட்ட வருவாங்க’ என்பது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கேரண்டி போட்டவரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சமம். கடனாளியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்று ஜாமீன்தாரர் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது.

பிடி இன்னும் இறுகியது 2019-ல். கம்பெனிகளின் கடனுக்கு பர்சனல் கேரண்டி கொடுத்தவர்கள் மீதும் திவால் நடவடிக்கை எடுக்க அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் வழி செய்யப்பட்டது. அந்த அறிவிப்பு செல்லும் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனியின் கடனுக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஒப்புதலாகிவிட்டாலும், கேரண்டி கொடுத்தவரின் பொறுப்பு தானாக முடிந்துவிடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்தச் சட்டப் பிரிவுகளே செல்லாது என்று தொடரப்பட்ட வழக்குகளும் 2023 நவம்பரில் தள்ளுபடியாகின.

சரி, கேரண்டி கேட்டால் என்ன செய்வது? பேரம் பேசலாம்.

மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து நடத்தும் ஒரு கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. சுருக்கமாக சி.ஜி.டி.எம்.எஸ்.இ. குறு, சிறு தொழில்களுக்கு அடமானச் சொத்தும், மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்க வழி செய்வதுதான் அதன் வேலை. அந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் ரூ.5 கோடியிலிருந்து ரூ.10 கோடியாக உயர்ந்திருக்கிறது. நம் உதாரணத்தில் மகள் பட்டறையின் பங்குதாரர் அல்ல, மூன்றாம் நபர். “இந்தக் கடனை அந்தத் திட்டத்துல போட முடியுமா?” என்று அப்பா கேட்டிருந்தால் ஆவடி ஃபிளாட்டுக்கு வேலையே இருந்திருக்காது. (கவனிக்க: இது வங்கிக்குத்தான் பாதுகாப்பு. அப்பா கடனைக் கட்ட வேண்டிய பொறுப்பு அப்படியேதான் இருக்கும்.)

கேரண்டியைத் தவிர்க்கவே முடியாது என்றால், ‘இவ்வளவு ரூபாய் வரைதான்’ என்று உச்சவரம்பு போடச் சொல்லுங்கள். ‘கன்டினியூயிங் கேரண்டி’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நாளைக்கு அப்பா வாங்கும் கூடுதல் கடனுக்கும் இன்றைய கையெழுத்தே போதும். இனி வரும் கடன்களுக்கு நான் பொறுப்பல்ல என்று எழுத்துபூர்வமாக அறிவித்து விலக ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த உரிமையையே விட்டுக்கொடுத்ததாகப் பத்திரத்தில் எழுதியிருந்தால் அது கைகொடுக்காது. அதனால்தான் படிக்காமல் போடாதீர்கள் என்பது.

வீட்டை மனைவி பேருக்கு மாற்றினால்?

நம் ஊரில் அதிகம் சொல்லப்படும் யோசனை இதுதான். செலவும் குறைவு. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் ரூ.10,000 என்று 2023 ஜூலையில் திருத்தினார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் முடிகிற வேலை.

ஆனால் எப்போது எழுதினீர்கள் என்பதுதான் கேள்வி. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 53-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது: கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவோ, வசூலைத் தள்ளிப்போடவோ செய்த சொத்து மாற்றத்தை அவர்கள் ரத்து செய்யக் கேட்கலாம். திவால் சட்டங்களிலும், மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் பணம் வாங்காமல் கைமாற்றிய சொத்தைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறது. வங்கி நோட்டீஸ் வந்த அடுத்த வாரம் எழுதிய செட்டில்மென்ட், நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியாகவே நிற்கும்.

வீட்டின் மூலப்பத்திரத்தை வங்கியில் ஏற்கெனவே வைத்திருந்தால் இன்னும் சுலபம், அதாவது வங்கிக்கு! யார் பேருக்கு மாற்றினாலும் அடமானம் வீட்டோடு சேர்ந்தே போகும். சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதன் பிறகு அந்த வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் வங்கி இறங்கலாம். அதற்கு முதலில் சிவில் வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். வீட்டை மனைவி பேருக்கு மாற்றுவார்கள். அடுத்த கடனுக்கு வங்கி, “மேடமும் கேரண்டி போட்டுடட்டும்” என்று கேட்கும். மனைவியும் போடுவார். அவ்வளவு செலவு செய்து கட்டிய சுவர் அன்றைக்கே இடிந்தது.

‘மச்சான் பேர்ல வாங்கிப் போடு’ என்பது இதைவிட மோசம். உங்கள் பணத்தில் இன்னொருவர் பேரில் வாங்குவது பினாமி. மனைவி, கணவர், பிள்ளைகள் பேரில் கணக்குக் காட்டிய வருமானத்தில் வாங்கினால் விலக்கு உண்டு. மச்சானும் மாமியாரும் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. சிக்கினால் சொத்து பறிமுதல். 1 முதல் 7 ஆண்டு வரை சிறை. சொத்தின் சந்தை மதிப்பில் 25% வரை அபராதம்.

எழுதிக் கொடுத்தபின் அது உண்மையிலேயே அவர்களுடைய சொத்து என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் விற்கலாம், அடமானம் வைக்கலாம், அவர்கள் பட்ட கடனுக்காக ஜப்தியும் ஆகலாம். பெற்ற பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கவனிப்பார் இல்லாமல் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு அலையும் பெற்றோர் நிறைய. ‘கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்று பத்திரத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டாலும், மூத்த குடிமக்கள் அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நிலைமைக்குப் போகாமல் இருப்பதுதானே நல்லது? நிபந்தனையையும், வாழ்நாள் வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

டிரஸ்ட் என்ன செய்யும்?

டிரஸ்ட் என்றாலே கோயில், கல்லூரி என்று நினைக்க வேண்டாம். குடும்பத்துக்காக எழுதும் தனியார் டிரஸ்ட் வேறு. இந்திய டிரஸ்ட் சட்டம் 1882-ன் கீழ் வருவது. அதில் மூன்று பாத்திரங்கள்: சொத்தைக் கொடுப்பவர், அதை நிர்வகிக்கும் டிரஸ்டி, பயனடையும் பயனாளி. வீடு, மனை போன்ற அசையாச் சொத்து என்றால் டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இதில் இரண்டு வகை முக்கியம். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று எழுதியது ஒன்று. திரும்பப் பெறவே முடியாது என்று எழுதியது மற்றொன்று. முதல் வகையில் சொத்து பேருக்குத்தான் வெளியே போயிருக்கிறது. வருமான வரியும் உங்கள் கணக்கிலேயே வரும். ‘நினைத்தால் திரும்ப எடுக்கலாம் என்றால் அது உங்கள் சொத்துதானே’ என்று கடன் கொடுத்தவரும் கேட்பார். கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு என்று பார்த்தால், இரண்டாவது வகைக்குத்தான் பலம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான். நாளைக்கு அவசரத்துக்கு அந்த மனையை விற்க உங்களால் முடியாது. டிரஸ்டுக்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, தனி வரிக் கணக்கு வேண்டும். பயனாளிகளில் யாருக்கு எவ்வளவு என்று நிர்ணயிக்காமல் டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால், பொதுவாக வருமானத்துக்கு உச்சபட்ச விகிதத்தில் வரி. யாருக்கு எவ்வளவு என்று நிர்ணயித்துவிட்டாலோ, அந்தப் பயனாளி கடன்பட்டால் அவருடைய பங்கைக் கேட்டு ஆள் வரலாம். மேலே சொன்ன 53-வது பிரிவும் இங்கேயும் பொருந்தும். கடன் கழுத்தை நெரிக்கும்போது எழுதிய டிரஸ்ட், தாமதமாக எழுதிய செட்டில்மென்டைப் போலவேதான்.

அப்போ யாருக்கு இது உபயோகம்? ஒரே ஒரு வீடும் வீட்டுக் கடனும் இருக்கிற 30 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை இருக்கிற பெற்றோருக்கு, ‘நமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது’ என்ற கேள்விக்கு டிரஸ்ட் ஓர் உருப்படியான பதில். தொழில் நன்றாக ஓடும்போதே குடும்பத்துக்கென்று ஒரு பகுதியை நிரந்தரமாக ஒதுக்க நினைப்பவருக்கும் சரிப்படும்.

ஒரு டிக் போட்டால் கிடைக்கும் டிரஸ்ட்

வக்கீல் இல்லாமல், முத்திரைத்தாள் இல்லாமல் ஒரு டிரஸ்ட் உருவாக்க முடியும். பலருக்குத் தெரியாத விஷயம் இது. திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-ன் 6-வது பிரிவு. ஏஜென்ட்கள் ‘எம்.டபிள்யூ.பி. பாலிசி’ என்பார்கள்.

திருமணமான ஓர் ஆண் தன் உயிர் மீது எடுக்கும் காப்பீட்டை, மனைவிக்காகவோ பிள்ளைகளுக்காகவோ என்று பாலிசியிலேயே குறிப்பிட்டால், அது தானாகவே அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடும். அந்தப் பணம் கணவரின் சொத்துக் கணக்கில் சேராது. அவருடைய கடன்காரர்களும் கை வைக்க முடியாது. ஆனால் கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு பாலிசி எடுத்ததாக நிரூபித்தால், அந்தப் பாலிசித் தொகையிலிருந்தே அவர்கள் தங்கள் கடனைக் கேட்கலாம்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இந்தச் சட்டம் இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர், சமணர் எடுக்கும் பாலிசிகளுக்கு நாட்டின் மற்ற இடங்களில் பொருந்தத் தொடங்கியது 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு. மதராஸில் மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக நம்மிடம் இருக்கிற கவசம் இது.

கவனிக்க வேண்டியவை மூன்று. பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போதே இதைத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. நாமினி போட்டிருப்பது இதற்கு மாற்று அல்ல. ஒருமுறை செய்துவிட்டால், பயனாளிகளின் சம்மதமில்லாமல் பாலிசியைச் சரண்டர் செய்யவோ, அதன் மீது கடன் வாங்கவோ முடியாது. 6-வது பிரிவு ஆண்களின் பாலிசிக்கு மட்டும்தான். பெண் எடுக்கும் பாலிசி அவருடைய தனிச் சொத்து என்று 5-வது பிரிவு சொல்கிறது.

தொழில் கடன் இருக்கிற ஒருவர் டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை இந்த டிக்தான்.

ஏற்கெனவே பாதுகாப்பில் இருப்பவை

பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன் வழக்கில் ஜப்தி செய்ய முடியாது. பி.பி.எஃப்.-க்கும் நீதிமன்ற ஜப்தியிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் வருமான வரி பாக்கிக்கு அது பொருந்தாது. சம்பளத்தையும் முழுதாகப் பிடிக்க முடியாது: சாதாரணக் கடன் தீர்ப்புகளில் முதல் ரூ.1,000-மும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்குத்தான். கைவினைஞரின் தொழில் கருவிகளுக்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு விலக்கு தருகிறது.

அதனால், பட்டறைக்கு அவசரம் என்று பி.எஃப்.-ஐ உடைத்துப் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். கடன்காரர் தொட முடியாத பணத்தை, தொடக்கூடிய இடத்துக்கு நீங்களே கொண்டுபோகிறீர்கள்.

எதுவுமே காப்பாற்றாதவை

செக் பவுன்ஸ் ஆனால் அது குற்ற வழக்கு. கையெழுத்துப் போட்டவர் நேரில் நிற்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கட்டாத ஜி.எஸ்.டி.-யை வசூலிக்க முடியாமல் போனால், தன் அலட்சியம் காரணமல்ல என்று நிரூபிக்காத இயக்குநரிடமே கேட்கலாம். ‘சும்மா பேருக்கு டைரக்டரா இரு’ என்று மகளையோ மருமகனையோ சேர்க்கும் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

1. கையெழுத்துக் கணக்கு எடுங்கள். நீங்கள், மனைவி, அப்பா, பிள்ளைகள் யார் யாருடைய கடனுக்குக் கேரண்டி போட்டிருக்கிறீர்கள்? பிரதி இல்லையென்றால் வங்கியில் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.
2. வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய அடமானம் ஏதாவது நிற்கிறதா என்று தெரியும்.
3. தொழில் பெரிதாகிறது என்றால் புரொப்ரைட்டரிலிருந்து எல்.எல்.பி. அல்லது பிரைவேட் லிமிடெட்டுக்கு மாறுவது பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள். பழைய கடன்கள் பழைய பொறுப்பிலேயே இருக்கும்.
4. அடுத்த கடனுக்கு உத்தரவாதத் திட்டத்தைக் கேளுங்கள். முடியாவிட்டால் கேரண்டிக்கு உச்சவரம்பு கேளுங்கள்.
5. எம்.டபிள்யூ.பி. டேர்ம் பாலிசி எடுங்கள்.
6. இதற்குப் பிறகுதான் செட்டில்மென்ட், டிரஸ்ட் எல்லாம். எழுதுகிற அன்று, இருக்கிற கடன்களைக் கட்டும் அளவுக்கு உங்களிடம் மீதிச் சொத்து இருக்க வேண்டும். அதை ஆடிட்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். நாளைக்கு யாராவது நோக்கத்தைக் கேள்வி கேட்டால் அதுதான் பதில்.

அந்த மகளிடம் திரும்புவோம். அவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவின் பட்டறைதான் அவரைப் படிக்க வைத்தது. அதற்காக ஃபிளாட்டைப் பணயம் வைக்க அவர் முடிவு செய்யலாம். ஆனால் அது ‘ஃபார்மாலிட்டி’ என்று நினைத்துப் போட்டதாக இருக்கக் கூடாது. பேப்பரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து, எவ்வளவு தொகை, எத்தனை வருடம், எந்தெந்தக் கடனுக்கு என்று அப்பாவோடு உட்கார்ந்து படித்துவிட்டுப் போட்டதாக இருக்க வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த நமக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டிரஸ்ட்டோ, கம்பெனியோ, செட்டில்மென்ட்டோ, எல்லாமே வெயில் காலத்தில் கட்ட வேண்டிய கரைகள். தண்ணீர் வாசலுக்கு வந்தபின் போடும் மண் மூட்டை நிற்காது.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் சொத்துக்கான முடிவை எடுக்கும் முன் வழக்கறிஞர், ஆடிட்டர் இருவரிடமும் ஆலோசியுங்கள்.)